தரகர் ஐயாதுரையின் தொண்டை மாத்திரை

"காலண்டர் எங்க தொங்குது?" என்று கேட்டபடியே ஐயாதுரை நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். வீட்டுக்காரர் கை காட்டுவதற்குள் ஹாலைத் தாண்டி ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் நின்றாகிவிட்டது. வளர்பிறை முகூர்த்தம் பார்க்கிறார் என்று எல்லோரும் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். அவர் பார்ப்பது ஃபிரிட்ஜின் உச்சியை. ராஜபாளையத்தில் எந்த வீடானாலும் மாத்திரை டப்பாவுக்கு இடம் அதுதான். பழைய பிஸ்கட் டப்பாவோ, இனிப்புக்கடை அட்டைப்பெட்டியோ, அந்தக் குடும்பத்தின் சர்க்கரையும் பிரஷரும் தைராய்டும் அதற்குள் அட்டை அட்டையாகப் படுத்திருக்கும். ஒரு பார்வை போதும். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் ஜாதகத்தைக் கேட்பார்.

"ஜாதகத்தை வேணும்கிற மாதிரி எழுதி வாங்கிரலாம் தம்பி. மாத்திரை அட்டையை எவன் மாத்தி எழுதுவான்?" என்பார்.

ஐயாதுரை கல்யாணத் தரகர். வடக்கே வத்திராயிருப்பு, தெற்கே செட்டியார்பட்டி, இதற்கு நடுவில் கல்யாணம் ஆகாத யார் இருந்தாலும் அவருடைய சொத்து. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஜிப் வைத்த பை, காதோரம் மட்டும் எட்டாமல் போன தலைச்சாயம். வண்டி வாகனம் கிடையாது, எங்கே போனாலும் பஸ்தான். ஏன் என்று கேட்டால், "பஸ்ல போனா நாலு பொண்ணு வெவரம் கெடைக்கும். பைக்குல போனா நாய் தொரத்தும், அம்புட்டுதான்" என்று பதில் வரும். எங்கள் ஊர் நாய்களைத் தெரிந்தவர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அவருக்கென்று ஒரு அகராதி உண்டு. வேலை இல்லாத மாப்பிள்ளை "சொந்தத் தொழில் யோசனையில இருக்காப்ல". பரீட்சையில் தவறிய பெண் "வீட்டோட இருக்கப் பிரியப்படுது". தலையில் முடி இல்லாவிட்டால் "ராணுவத்துல தொப்பி போட்டுப் போட்டு அப்படி ஆயிருச்சு". வியாதிகளுக்கு இன்னும் நுணுக்கமான வரிசை. சர்க்கரை என்றால் வசதியான குடும்பம் என்று அர்த்தம். தைராய்டு இல்லாத வீடுதான் சந்தேகத்துக்கு உரியது. ஆஸ்துமா என்றால் "தூசி ஒத்துக்கிடாது", அவ்வளவுதான். எல்லா வியாதிக்கும் பவுடர் பூசி மேடையேற்றுகிற இந்த மனிதருடைய அகராதியில் ஒரே ஒரு வியாதிக்கு மட்டும் வார்த்தையே கிடையாது. வலிப்பு. அந்தப் பேச்சு வந்தால் சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

என் தம்பிக்குப் பெண் பார்க்க வந்தபோதுதான் எனக்கு அவர் பழக்கமானார். எங்கள் வீட்டுக் காலண்டரையும் பார்த்தார். "கேஸ் மாத்திரை நெறைய ஓடுது போல. ராத்திரி புரோட்டாவைக் கொறைங்க" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். தம்பிக்கு இன்னும் வரன் அமையவில்லை. என் வாயுதான் காரணம் என்று வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது.

அவர் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் என்ன இருக்கிறது என்று நானும் ஒருநாள் பார்த்தேன். பிளாஸ்டிக் ரோஜாவும் ஒரு பிள்ளையாரும். தூசிகூட இல்லை. இரும்பு உடம்பு என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை எல்லாம் அரிசி டிரம்முக்குள் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்க. படம் போட்டா மட்டும் மண்டைச் சாயம் காயாத நாள்ல எடுக்காதீங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

இருபது வயதில், மில் வேலைக்குப் போன புதிதில், ஷிப்டுக்கு நடுவில் முதல் வலிப்பு வந்திருக்கிறது. வேலை போனது. நிச்சயம் ஆகியிருந்த ஒரு பெண்ணும் போனாள். அன்று ஊர் பேசியதை அவர் மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு பார்த்த பெண் வேலுத்தாய். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் விஷயத்தைச் சொன்னாராம். "ஒரு வாரம் நான் பேசல. அதுக்கே மனுசன் செத்துட்டாரு. வலிப்புல இல்ல, பேச ஆள் இல்லாம" என்று அந்த அம்மாள் இப்போது சிரிக்கிறார். மாத்திரை ஒத்துக்கொண்டது. மகள் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள். இன்றுவரை மறுபடி வலிப்பு வரவில்லை. மாத்திரையை மட்டும் மூன்று வேளையும் விடவில்லை.

அந்த மாத்திரையை வாங்க மாதாமாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். தெருவில் கேட்டால் ஆண்டாளைச் சேவிக்க. திரும்பும்போது கையில் பால்கோவா இருக்கும், சாட்சிக்கு. கோபுரத்தைப் பார்த்து ரோட்டிலிருந்தே ஒரு கும்பிடு, அங்கிருந்து நேரே நரம்பு டாக்டரம்மா. வீட்டுக்குள் மாத்திரைக்குப் பெயர் பிரசாதம். "பிரசாதம் எடுத்தாச்சா?" என்று வேலுத்தாய் கேட்பதை வைத்து அக்கம்பக்கத்தில் அவரைப் பெரிய பக்திமான் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

இப்படி உடம்பை இரண்டு ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். வலிப்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. சளி, காய்ச்சல், தொண்டை எல்லாம் ராஜபாளையத்துக்கு. இந்த டாக்டருக்கு அந்த டாக்டரைத் தெரியாது. "ரெண்டு குடும்பம் வச்சிருக்கவன் எம்புட்டு சாக்கிரதையா இருப்பானோ, அம்புட்டு சாக்கிரதையா இருந்தேன் தம்பி" என்றார். அந்த மாதிரிக் குடும்பங்கள் கடைசியில் ஆஸ்பத்திரியிலோ எழவு வீட்டிலோ சந்தித்துக்கொள்ளும் என்பது தெரிந்ததுதானே.

போன வைகாசியில் அவருடைய மகள் வெங்கடேஸ்வரிக்கே ஒரு வரன் கூடி வந்தது. மில் ஆபீசில் கணக்குப் பார்க்கிற பெண். அதிகம் பேச மாட்டாள், வீட்டின் பேச்சையெல்லாம் அப்பாவே எடுத்துக்கொண்டுவிட்டார். ஊருக்கெல்லாம் முடிச்சுப் போடுகிறவர் மகளுக்கு இன்னும் ஆகவில்லையா என்று கேட்டுக் கேட்டு ஜனங்கள் அவரை வறுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வேல்பாண்டி, வத்திராயிருப்பு, ராணுவத்தில் இருக்கிறான். லீவில் வந்தவன் பெண்ணைப் பார்த்தான், பிடித்துப்போயிற்று. பெண்ணுக்கும் பிடித்திருந்தது. மாடியில் துணி காயப்போடும் சாக்கில் அவள் போனில் சிரித்துக்கொண்டிருந்ததை வேலுத்தாய் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இறங்கி வந்திருக்கிறார். இனி மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துப் பேசி முடிக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் ஐயாதுரைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முகூர்த்த மாதம், ஓயாத பேச்சு, எச்சில் விழுங்க முடியவில்லை. ராஜபாளையத்து டாக்டரிடம் போனார். டாக்டர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், வேறு ஏதாவது மாத்திரை வழக்கமாகச் சாப்பிடுகிறீர்களா என்று. திரைக்கு அந்தப் பக்கம் ஊசி போடுகிற கம்பவுண்டர், தன் தங்கைக்கு இவரிடம் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஐயாதுரையிடம் ஜாதகம் கொடுத்திருப்பவர்கள். ஐயாதுரை கட்டிய தொண்டையால் முடிந்த அளவு சத்தமாக, "ஒண்ணும் கெடையாது சார். இரும்பு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டியிருக்கிறார். டாக்டர் தொண்டைக்கு ஒரு ஆன்டிபயாடிக் எழுதினார், கிளாரித்ரோமைசின். இரும்பு வாங்கிப் போட்டுக்கொண்டது.

வத்திராயிருப்புக்குக் கார் பிடித்துப் போனோம். படித்தவர் ஒருத்தர் கூட வந்தால் எடுப்பாக இருக்கும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பாதி வழியிலேயே, "இந்த ரோட்டை எப்ப ரெட்டை ரோடாக்குனான்?" என்று ஐயாதுரை கேட்டார். ஏதோ கிண்டல் என்று நாங்கள் சிரித்தோம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியவர், வரவேற்க நின்ற மாப்பிள்ளையின் தாய்மாமன் சின்னக்கருப்பனை விட்டுவிட்டு அவருக்கு ஒரு முழம் தள்ளி வெறும் காற்றைப் பார்த்துக் கும்பிட்டார். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே சாடை" என்றார். சின்னக்கருப்பன் தனியாகத்தான் நின்றிருந்தார். வாசற்படி ஒன்றைத் தாண்ட வேண்டிய இடத்தில் இரண்டாகத் தாண்டினார். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே நாற்காலி இல்லை.

தூக்கி நிறுத்தினோம். நாக்குக் குழறியது. சின்னக்கருப்பன் ஓய்வுபெற்ற ஹவில்தார். இதையெல்லாம் நிறையப் பார்த்தவர் என்ற தோரணையில் ஐயாதுரையின் வாய்க்கு நேரே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். "வாடையே இல்லையே. அப்ப ஒசந்த சரக்கு" என்று தீர்ப்பு சொன்னார். அதற்குப் பிறகு அவர் காட்டிய மரியாதையைப் பார்க்க வேண்டும். தோளில் கை போட்டுக்கொண்டார், பிராண்டு பெயரைக் காதோடு கேட்டார். மற்ற ஆண்களும் சிரித்தார்கள். தரகர்தானே, முகூர்த்த மாதம்தானே, அலைச்சல்தானே என்றார்கள். ஒரு மனிதன் தள்ளாடுவதற்கு எத்தனை சமாதானம் வைத்திருக்கிறோம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஐயாதுரையும் அதைப் பிடித்துக்கொண்டார். ஒன்று இரண்டாகத் தெரிந்த அந்த நிலையிலும் மூளையின் ஒரு மூலையில் தரகர் விழித்துக்கொண்டிருந்தார். "லேசாத்தான் போட்டேன்" என்று இளித்தார். வாழ்க்கையில் சாராயத்தைத் தொடாத மனிதர். வேலுத்தாய் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு நின்றார்.

சிரிக்காமல் நின்றது ஒரே ஒருவர், மாப்பிள்ளையின் அம்மா சுந்தரம்மாள். தென்னையும் வயலுமாக எல்லாவற்றையும் தனியாக நின்று பார்க்கிற அம்மாள். புருசன் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் சொன்னார்: "ஒருத்தரைக் குளிப்பாட்டிப் படுக்க வச்சு என் காலம் போயிருச்சு. இன்னொரு குடிகாரன் வீட்டுல நான் சம்பந்தம் பண்ண மாட்டேன். கூட்டிட்டுப் போங்க." வேல்பாண்டி அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு எங்களைக் கார்வரை கொண்டுவந்து விட்டான்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விடுங்க, பிரசாத டாக்டர்ட்ட" என்றார் வேலுத்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே போனபிறகுதான் புரிந்தது. டாக்டரம்மா விரலை அசைத்துப் பார்வையைப் பார்த்தார், கோட்டில் நடக்கச் சொன்னார். ஐயாதுரை கோட்டை விட்டு என்மேல் நடந்தார். "புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டாரு?" என்று டாக்டரம்மா கேட்க, வேலுத்தாய் பர்ஸிலிருந்து தொண்டை மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். டாக்டரம்மா அதன் பக்கத்தில் வலிப்பு மாத்திரை அட்டையை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வலிப்புக்கு அவர் சாப்பிடுவது கார்பமாஸெபின். அதைக் கல்லீரல்தான் சிதைத்து வெளியேற்றும். தொண்டைக்கு வந்த மாத்திரை, கல்லீரலின் அந்த வேலையை முடக்கிவிடும். இவரோ வழக்கம்போல மூன்று வேளையும் போட்டிருக்கிறார். போனது வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழறல் எல்லாம் அதனால்தான். "இது பரவாயில்லை. இதுக்கு நேர்மாறாப் பண்ற மாத்திரையும் இருக்கு. வலிப்பு மருந்தை ரத்தத்துல நிக்கவிடாது. அதைப் போட்டிருந்தா நடுரோட்டுல விழுந்திருப்பீங்க. பல் பிடுங்கப் போனாக்கூட இந்த மாத்திரை பேரைச் சொல்லணும், தெரிஞ்சுதா?" என்று டாக்டரம்மா அதட்டினார். ரத்தம் எடுத்துப் பார்த்து, தொண்டை மருந்தை மாற்றி, வலிப்பு மருந்தைச் சற்று நிறுத்தி, மறுபடி எப்போது எவ்வளவு என்று சொல்லி, அன்று அங்கேயே படுக்க வைத்துக்கொண்டார்.

பார்வை தெளிந்ததும் ஐயாதுரை முதலில் சொன்னது இதைத்தான்: "ரெண்டும் நல்ல மாத்திரைதான் தம்பி. தனித்தனியா ஒரு குத்தமும் சொல்ல முடியாது. சோடி சேரல. பொருத்தம் பாக்கறதையே பொழப்பா வச்சிருக்க என் வயித்துக்குள்ளயே இப்படி நடந்துபோச்சே." உயிர் பிழைத்ததைவிட அந்த அவமானம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

வீட்டில் ஆலோசனை நடந்தது. வேலுத்தாயின் அண்ணன் வந்து, சர்க்கரை இறங்கி மயக்கம் வந்ததாகச் சொல்லிவிடலாம் என்றார். கௌரவமான வியாதி, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. ஐயாதுரை நினைத்தால் அதை ஆறே வாக்கியத்தில் விற்றுவிடுவார். அதுவரை வாயே திறக்காத வெங்கடேஸ்வரி, "அங்க போன பொறவும் நான் உங்க பிரசாதத்தை மறைச்சுக்கிட்டு இருக்கணுமாப்பா?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்கக்கூட ஐயாதுரைக்குத் துணிவு வரவில்லை.

அந்த வார முடிவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வத்திராயிருப்பு வரைக்கும் கூட வாங்க தம்பி. நீங்க பக்கத்துல இருந்தா அந்தம்மா வெளக்கமாத்தை எடுக்க மாட்டாங்க." பஸ்ஸில் வழி முழுக்க அவர் யாரிடமும் எந்தப் பெண்ணைப் பற்றியும் விசாரிக்கவில்லை. வேல்பாண்டியின் லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இன்று இது கெட்டால் மகளின் இந்தக் கல்யாணம் மட்டுமல்ல, செய்தி ஊருக்குள் வந்த பிறகு அடுத்த வரனும் வராது, தரகும் ஓடாது. இவ்வளவும் தெரிந்த முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

சுந்தரம்மாள் முற்றத்தில் வைக்கோலில் மாங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. "என்ன?" என்றார்.

"நான் குடிக்கறதில்ல தங்கச்சி. எனக்கு வலிப்பு இருக்கு" என்றார் ஐயாதுரை. பிறகு திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார்: மில், தொண்டை, இரண்டு ஊர், இரண்டு மாத்திரை. பவுடர் பூசாமல் அவர் ஒரு வியாதியைப் பேசி அன்றுதான் கேட்டேன்.

சுந்தரம்மாள் மாங்காயை அடுக்குவதை நிறுத்தவில்லை. "அன்னைக்கே நெனச்சேன். எங்க அண்ணன் மூக்குக்கு வாடை தெரியாட்டியும் எனக்குத் தெரியாதா? எத்தனை வருசம் மோந்திருக்கேன். நீங்களே போட்டேன்னு ஒத்துக்கிட்டீங்க, அதான் நம்புனேன்" என்றார். இன்னொரு மாங்காயை வைத்துவிட்டு, "பிள்ளைக்கு இருக்கா?" என்றார்.

"இல்ல."

"பேரன் பேத்திக்கு வராதுன்னு சொல்லுவீங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். வர வாய்ப்பு கம்மின்னு டாக்டரம்மா சொல்லுதாக. நீங்களே வந்து கேளுங்க. உங்க பக்கத்து ஈரலுக்கு நான் சத்தியம் கேக்கல பாருங்க" என்றவர், சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சுந்தரம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்திருந்தது. ஐயாதுரை சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். மதிய வேளை தாண்டிவிட்டது. தண்ணீர் கேட்க முடியாது. பேச்சு முடியாத வீட்டில் பெண்ணைப் பெற்றவன் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்பந்தம் முடிந்ததாக அர்த்தம், ஒரு வாய்த் தண்ணீரும் அதில் சேர்த்தி. ஊரில் பாதிப் பேருக்கு இதைப் பாடம் சொன்னதே அவர்தான். வறண்ட வாயில் மாத்திரையைப் போட்டு விழுங்கப் பார்த்தார். இறங்கவில்லை. மறுபடி முயன்றார், கண்ணில் நீர் வந்தது.

சுந்தரம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். செம்பில் தண்ணீரோடு வந்து நீட்டினார். ஐயாதுரை அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கி, அடுத்த வீட்டில் குடிக்கிற வழக்கப்படி தலைக்கு மேலே தூக்கினார்.

"அண்ணாந்து குடிக்காதீங்கண்ணே, தல சுத்தும். வாய வச்சே குடிங்க."

ஐயாதுரை செம்பைக் கீழே இறக்கினார். வாய் வைத்துக் குடித்தார்.